திருப்புட்குழிக்குப் போன ஞாயிறுகள்

க்ளீவ்லேண்ட்
9-2-1997

என் அன்புத் தங்கை ஸுஷ்மாவுக்கு,

ராமு அண்ணாவின் ஆசிகள். நாங்கள் மூவரும் சௌக்கியம். இங்கே முழங்கால் அளவுக்குப் பனி. வாசலைச் சுரண்டிவிட்டு வந்து, கை சூடானதும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஃபோனில் பேசலாம் என்றால் அம்மா ரிசீவரை உன்னிடம் தருவதே இல்லை. என்ன சாப்பிட்டேன், குழந்தை என்ன சாப்பிட்டாள் என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. நீயாவது கடிதம் போடுவாய் என்று பார்த்தால் பொங்கலுக்கு வந்த வாழ்த்து அட்டையில் கையெழுத்து மட்டும்தான். அப்பா இருந்தால் உன்னைக் கேட்டிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் அப்பாவின் முதல் வருஷத் திவசம். நானும் மன்னியும் ஸஹானாவும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. அன்றைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுக்க ஆசை. 'எங்கள் அப்பா' என்று பெயர். மெட்ராஸில் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த வரதராஜனை ஊருக்கே தெரியும். வீட்டில் இருந்த வரதராஜனை நமக்குத்தானே தெரியும்?

நான் எழுதியதைப் படித்துவிட்டு மன்னி அழுதாள். பள்ளிக்கூட மணி அடித்தால் வேறெங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவதை எழுதினேன். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவரே சமைத்து, அவள் புடவைகளைத் துவைத்து வாசல் பக்கம் உலர்த்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? எதிர்வீட்டு மாமா சிரித்தார். "என் ஆத்துக்காரி புடவை, எனக்கென்ன ஓய் வெக்கம்?" என்றார் அப்பா. கருட சேவைக் கூட்டத்தில் என்னைத் தோளிலும் உன்னை இடுப்பிலும் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றது, உனக்கு உடம்பு சரியில்லாதபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி பகலாகக் கிடந்தது எல்லாம் இருக்கிறது. முதல் வரி இது: 'ஒரு மனைவியும் இரண்டு குழந்தைகளுமே அவருடைய உலகம்.'

நீ ஒரு பக்கம் எழுத வேண்டும். பெண் குழந்தை எழுதினால் அதற்கு ஒரு தனி அழகு உண்டு. மாசி முடிவதற்குள் அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்க்கும்
ராமு அண்ணா


சின்ன காஞ்சிபுரம்
27-2-1997

அன்பு அண்ணாவுக்கு,

ஸுஷ்மாவின் நமஸ்காரங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. இவர் ஆடிட் வேலையாக வேலூர் போயிருக்கிறார். உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். அப்பா எனக்குத் தலைபின்னிவிட்டதை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

இரண்டு குழந்தைகள் என்று எழுதியிருக்கிறாய். போன மாதம்வரை நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அம்மா மட்டும்தான் மூன்று என்பாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் வாயில் தண்ணீர்கூட விடாமல் இருப்பாளே, பாச்சாவுக்காக. நான் பிறந்தபோது அவள் திருக்கோவிலூரில் தாத்தா வீட்டில் கிடந்தாள். பிரசவ அறையை விட்டு வெளியே வராதவளுக்குத் தந்தி வந்தது: மூத்தவன் வேலூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டான், எல்லாம் முடிந்தது. பேச்சு வராத, வலிப்பு வருகிற பிள்ளை. ஒன்பது வயதுவரை இடுப்பிலேயே சுமந்தவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை என்று நாம் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். "ஒண்ணு போய் ஒண்ணு வந்தது" என்று அப்பா என் தலையைத் தடவுவார்.

போன மாதம் ஒரு நாள், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பெயர் சாமுவேல் என்றார்.

"வரதராஜன் சார் வூடு இதானாம்மா? ஸ்கூலாண்ட விசாரிச்சுக்கினு வந்தேன்."

"அப்பா போய் எட்டு மாசம் ஆயிடுத்தே. நீங்க யாரு?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அதான் வரலியா. அய்யோ. அந்தப் புள்ளைக்கு என்னான்னு சொல்லுவேன்? ஞாயித்துக்கெழமை ஆனா கேட்டாண்டயே குந்திக்கினு இருக்குதும்மா. நாங்க சோறு வச்சா தள்ளிவுடுது. சார் கொண்டார்ற புளிசோறுதான் வேணுமாம்."

"எந்தப் புள்ளை?"

"பாச்சாம்மா. சாருக்குத் தூரத்து சொந்தம்னு சொல்லுவாரே. புள்ளன்னா, நாப்பது வயசு ஆவுது."

அண்ணா, மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா திருப்புட்குழிப் பெருமாளைச் சேவிக்கப் போவார். அம்மா விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறி, வாழை இலையில் கட்டிக் கொடுப்பாள். எத்தனை வருஷம்! அவர் திருப்புட்குழியில் இறங்கவே இல்லை. அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்ச தூரம் போய்த் தாமலில் இறங்கியிருக்கிறார். அங்கே ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஆசிரமம், சாமுவேல் அங்கேதான் வேலை பார்க்கிறார். அதற்கு முன்னால் ராணிப்பேட்டைப் பக்கம் வேறு எங்கோ வைத்திருந்தாராம்.

மறுநாளே போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முகத்தோடு ஒருவன் நின்றான். அதே காது, அதே நெற்றி. தலை பாதி நரைத்திருக்கிறது. என் கையைப் பார்த்தான், பிறகு எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தான். "ஸார்?" என்று கேட்டான். அவனுக்கு வருகிற நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான். பேச்சு வராத குழந்தைக்கு அப்பா என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது கஷ்டமா, ஸார் என்று கற்றுக்கொடுப்பது கஷ்டமா, நீயே சொல்.

"நகம் வெட்டி வுடுவாரு, தலை வாரி வுடுவாரு, ஒரு வாய் ஒரு வாயா ஊட்டுவாரு," என்றார் சாமுவேல். "கெளம்பும்போது மட்டும் திரும்பியே பாக்க மாட்டாரும்மா."

அம்மாவிடம் சொல்லவில்லை. நீ பெரியவன். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். ஃபோன் பண்ணாதே, அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்
ஸுஷ்மா


க்ளீவ்லேண்ட்
12-3-1997

அன்புள்ள ஸுஷ்மா,

ஆசிகள். உன் கடிதத்தை மன்னிக்குக் காட்டவில்லை. கிழித்துவிட்டேன். நீயும் இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

எனக்குத் தெரியும். நான் அமெரிக்கா கிளம்பிய அன்று மீனம்பாக்கத்தில், என்னைத் தனியாக அழைத்துப் போய் அப்பா சொன்னார். "எனக்கப்பறம் ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கணும்டா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் செய்ததுதான் சரி என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கொஞ்சம் நிதானமாக யோசி. அவன் தெருவில் துணியில்லாமல் ஓடுவான். வீட்டுக்கு ஒருவர் வரமாட்டார்கள். அம்மா அவனைத் தவிர வேறு யாரையும் கவனிக்கவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது, அவள் எனக்குச் சாதம் பிசைந்து கொடுத்த ஞாபகமே கிடையாது. அவன் போன பிறகுதான் எனக்கு ஓர் அம்மா கிடைத்தாள். நீ பிறக்கும்போதே உனக்கு ஒரு முழு வீடு காத்திருந்தது. வலிப்புக்காரன் தங்கை என்று தெரிந்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் படியேறியிருப்பார்களா? நான் இங்கே வந்திருப்பேனா? நம் இருவருக்காக அப்பா ஒருவர் மட்டும் அந்தப் பாரத்தைச் சுமந்தார், முப்பது வருஷம், யாரிடமும் வாய் திறக்காமல். இதைவிட ஒரு குடும்பத்தலைவன் என்ன செய்ய முடியும்? எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அம்மா அழவேண்டியதை அழுது முடித்துவிட்டாள். அவளுக்கு அவன் போய்விட்டான், அப்படியே இருக்கட்டும். இந்த வயதில் திறந்து காட்டி என்ன ஆகப்போகிறது? நீ முடிந்தால் அப்பாவைப் போல மாதம் ஒருமுறை போய் வா. அம்மாவிடம் திருப்புட்குழி என்றே சொல், அவளே புளியோதரை செய்து தருவாள். அவனுக்கும் அதுதானே வேண்டும்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. உன் பக்கம் வராததால் நானே உன் பெயரில் நாலு வரி எழுதிச் சேர்த்துவிட்டேன். தலைபின்னியது நல்ல விஷயம், அதைப் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் நன்மையே நினைக்கும்
ராமு


சின்ன காஞ்சிபுரம்
14-4-1997

அண்ணாவுக்கு,

ஸுஷ்மா எழுதுவது. இன்று வருஷப்பிறப்பு. வீட்டில் பச்சடி வைக்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், கிழிக்காமல் கடைசிவரை படி.

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். நீ சொன்னபடியே செய்து பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பங்குனி மூன்றாம் ஞாயிறு அம்மாவிடம், "புளியோதரை பண்ணித் தரயா? திருப்புட்குழி போய்ட்டு வரேன்" என்றேன். அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே, "அவரோட போச்சுன்னு நினைச்சேன். நீயாவது பெருமாளை விடாம போறயே" என்றாள். கட்டி என் கையில் கொடுத்தாள். இலை சூடாக இருந்தது. வாசல்வரை போனேன். திரும்பி வந்து, "அம்மா, நீயும் கிளம்பு" என்றேன்.

பஸ்ஸில் ஒன்றும் சொல்லவில்லை. திருப்புட்குழி தாண்டியதும், "எறங்கலையாடீ?" என்றாள். "இல்லேம்மா, அப்பா எறங்கின எடத்துல எறங்கலாம்." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாச்சா உயிரோடு இருக்கிறான் என்று ஏரிக்கரையில் நடக்கும்போதுதான் அவளிடம் சொன்னேன். சாமுவேல் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் அவன் வலது கைச் சட்டையை மேலே சுருட்டினாள். இரண்டு வயதில் கொதிக்கிற பால் கொட்டின தழும்பு, முழங்கைக்கு மேலே. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அழுவாள், மயங்கி விழுவாள் என்று நான் பக்கத்தில் தயாராக நின்றேன். ஒன்றும் இல்லை. சாமுவேலைப் பார்த்து, "இவனை என்ன சொல்லிக் கூப்பிடறேள்?" என்று கேட்டாள்.

"பாச்சான்னுதாம்மா."

"பேரை மட்டும் விட்டு வெச்சிருக்கார்," என்றாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். அவன் தானாகவே எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தான். மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அவளை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை, அண்ணா. கை தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ராமுவுக்குத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். மீனம்பாக்கத்தில் அப்பா சொன்னதையும், நீ அவருக்குச் சொன்ன பதிலையும், எனக்கு எழுதியதையும் சொன்னேன். அவன் போன பிறகுதான் எனக்கு அம்மா கிடைத்தாள் என்று நீ எழுதியதையும் சொன்னேன். அவள் கேட்டாள், என்னால் மறைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டாள். வாளி வாளியாக. ஓடிப்போய்ப் பிடித்தேன். "எதுக்கும்மா இது?"

"ராமு போய்ட்டான்டீ. சேதி இன்னிக்குத்தான் வந்தது."

பத்து நாள் தீட்டுக் காத்து அப்படியே இருந்தாள். தெருவில் துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள். புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். இல்லை. பால் கணக்கிலிருந்து என் மாத்திரைவரை அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பதினோராம் நாள் இவரைத் தாமலுக்கு அனுப்பிப் பாச்சாவைக் கூட்டி வரச் சொன்னாள். இப்போது கூடத்தில் அவள் பக்கத்தில்தான் படுத்துக்கொள்கிறான். ராத்திரி ஒரு தரம் வலிப்பு வந்தது. புரோகிதர் வந்து வைகாசித் திவசத்துக்கு நாள் குறிக்கலாமா என்றார். "அவருக்கு எங்காத்துல ஒண்ணும் கெடையாது. பிள்ளையோட சாவுல பொய் சொன்னவருக்கு எந்தப் பிள்ளை பிண்டம் போடுவான்?" என்று அனுப்பிவிட்டாள்.

அப்பாவைத் திட்ட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மாதா மாதம் அவர் அங்கே என்ன நினைத்துக்கொண்டு ஊட்டியிருப்பார் என்று யோசித்தால் தூக்கம் வருவதில்லை. அதற்காக அம்மாவைத் தடுக்கவும் மாட்டேன்.

நீ இப்போது வராதே.

ஸுஷ்மா


க்ளீவ்லேண்ட்
28-4-1997

ஸுஷ்மா,

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? ஒரு நல்ல மனிதரைச் செத்த பிறகு கொன்றிருக்கிறாய். அறுபத்தெட்டு வயதுக் கிழவி கையில் நாற்பது வயது வலிப்புக்காரனைக் கொடுத்திருக்கிறாய். அவள் விழுந்தால் யார் தூக்குவது? அமெரிக்காவிலிருந்து நானா?

ஃபோன் பண்ணினேன். அம்மாதான் எடுத்தாள். 'அம்மா' என்றேன். வைத்துவிட்டாள். மூன்று நாளும் அப்படியே.

மே 24ஆம் தேதி வருகிறேன். மன்னி இப்போது வேண்டாம் என்கிறாள், ஸஹானாவை மட்டும் அழைத்து வருகிறேன். பேத்தியைக் கண்டால் அம்மா கரைந்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாங்கள் வருவதற்கு முன்னால் அவனைத் தாமலில் கொண்டுபோய் விட்டுவிடு. குழந்தை பயந்துபோவாள். சொந்தக்காரர்கள் முன்னால் என்னால் அவனை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. நான் திரும்பியதும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

ராமு


சின்ன காஞ்சிபுரம்
9-5-1997

அண்ணாவுக்கு,

பாச்சாவை எங்கேயும் அனுப்பப் போவதில்லை. உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "யாரோ எழுதியிருக்கா. நமக்கென்ன?" என்று எழுந்து போய்விட்டாள்.

கெஞ்சிக் கேட்கிறேன், வராதே. ஸஹானாவைக் கூட்டிக்கொண்டு கண்டிப்பாக வராதே.

ஸுஷ்மா


சென்னை
26-5-1997

ஸுஷ்மா,

எக்மோரில் ஒரு ஹோட்டல் அறையிலிருந்து எழுதுகிறேன். ஸஹானா பக்கத்தில் தூங்குகிறாள். திரும்பிப் போகிற டிக்கெட்டை நாளைக்கு மாற்றிக்கொண்டேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய், நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாயா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கருட சேவைக் கூட்டத்தில் டாக்ஸி உள்ளே வரமுடியவில்லை. தெருமுனையில் இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். புத்தகக் கட்டை டிக்கியிலேயே விட்டுவிட்டேன். அம்மா வாசலில் பாச்சாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு மாற்றம் இல்லை.

"யாரு வேணும்?"

"அம்மா, ராமும்மா."

"ராமுவா? பங்குனிலயே போய்ட்டானே. உங்களுக்குத் தகவல் தெரியாது போலருக்கு. ரொம்ப நாள் பழக்கமோ?"

கோபமாகச் சொல்லியிருந்தால் காலைப் பிடித்திருப்பேன். கேலியாகச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். துக்கம் விசாரிக்க வந்த அந்நியனிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். "வெயில்ல வந்திருக்கேள், உள்ள வந்து ஒக்காருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போய் மோர் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு டம்ளர், குழந்தைக்கு ஒரு டம்ளர். என் டம்ளர் இல்லை, வெளியார் வந்தால் கொடுப்பது.

ஸஹானா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி" என்றாள். அம்மாவின் கை ஒரு கணம் நின்றது, நான் பார்த்தேன். நீ பார்த்தாயா? பிறகு என்னைக் கேட்டாள், "உங்க கொழந்தையா? நன்னா இருக்கா. பத்திரமா பாத்துக்கோங்கோ. கொழந்தைகளை எங்கயும் விட்டுட்டு வந்துடப்படாது."

ஸுஷ்மா, அந்த வீட்டில் இருபத்து மூன்று வருஷம் இருந்தேன். என்னைக் கடங்காரா என்று திட்டியிருக்கிறாள், கரண்டியால் அடித்திருக்கிறாள். ஒரு தடவைகூட என்னை 'வாங்கோ' என்று சொன்னதில்லை. அந்த 'கோ' ஒவ்வொன்றும் என்மேல் விழுந்தது. அப்பா செய்தது சரி என்று சொல்லத்தான் விமானத்தில் வழி முழுக்க வார்த்தைகள் சேர்த்துக்கொண்டு வந்தேன். யாரிடம் சொல்வது? கேட்பதற்கு அங்கே எனக்கு ஒருவரும் இல்லை.

மோரைக் குடித்தேன். வேறு என்ன செய்ய? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாச்சா சிரித்தான், அவன் ஒருத்தன்தான் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு வரி போடு. திட்டி எழுதினாலும் சரி. அம்மா சாப்பிடுகிறாளா, முழங்கால் எப்படி இருக்கிறது, அதை மட்டுமாவது எழுது. விலாசம் உனக்குத் தெரியும்.

நான் எழுந்ததும் அம்மா வாசல்வரை கூட வந்தாள். வந்தவர் யாராயிருந்தாலும் படிவரை வந்து வழியனுப்பாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. காய்கறிக்காரியிடம்கூட 'போய்ட்டு வா' என்றுதான் சொல்வாள். அதற்காகப் படியில் நின்றேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போனார்கள், நகராமல் நின்றேன்.

"கிளம்புங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

ராமு